கர்ப்பப்பை ஆப்பரேஷன்: யாரிடம் சொல்வது, யாரை அழைத்துப் போவது?

எட்டாம் நம்பர் | மார்ச் 3, இரவு 10.40

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றில் இருக்கிறேன். வயது 47. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பால்மரத்தை (ரப்பரை) அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயமும் போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை.

இரண்டு ஆண்டாக மாதத்தில் பத்து நாள் இரத்தப்போக்கு. வயது அப்படி, தானாக நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். போன தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அச்சைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். பெரியது ஒன்பது சென்டிமீட்டர். கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். மே 12ஆம் தேதி ஆப்பரேஷன். அதற்குள் இன்னொரு ஸ்கேன், உள்ளே இருந்து சதை எடுத்து ஒரு சோதனை, இதயத்துக்கு ஒன்று, மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது என்று வரிசையாகத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் பார்க்க முடியும். மகன் ஜொகூர் பாருவில். மகள் ஐந்தாம் படிவம், இந்த ஆண்டு எஸ்.பி.எம். அரசாங்கப் பரீட்சை. அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. மாமியார் வீட்டில் சொன்னால் ஒலிபெருக்கி கட்டியது போலத்தான்.

லயத்தில் ஒன்றாக வளர்ந்த தோழிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் இதே ஊரில்தான். ஆனால் ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக மாமனார், இன்னொருத்திக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றுவதா? அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், யார் கூட வந்தார்கள் என்று சொல்லுங்கள்.


பழைய கிராணி | மார்ச் 4, காலை 6.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? கணவர் இருக்கிறார், தலைக்கு மேல் வளர்ந்த மகன் இருக்கிறான். அவர்களை விட்டுவிட்டுத் தோழிகளிடம் போவது முறையல்ல. நட்பு நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நாளைக்கு ஒன்று என்றால் கையெழுத்துப் போட யார் வருவார்கள்? முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவன் நான். டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) அனுப்பும் சீட்டில் "உறவு" என்று ஒரு கட்டம் இருக்கும். கணவன், மகன், மாமன், மச்சான் எல்லாம் எழுதியிருக்கிறேன். "சிநேகிதி" என்று ஒரு நாளும் எழுதியதில்லை.


வார்டு அக்கா | மார்ச் 4, மதியம் 1.20

கிராணி ஐயா சொல்வது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். இருபத்தொன்பது ஆண்டு தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

முதலில் கையெழுத்து. நீங்கள் சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண். ஆப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து உங்களுடையது. கணவரிடம் பேசிவிட்டீர்களா என்று கேட்பார்கள், பேசுவதும் நல்லது. ஆனால் அவர் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்று பயப்பட வேண்டாம். படிவத்தில் "வாரிஸ்" (நெருங்கிய உறவினர்) என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். அங்கே போன் அடித்தால் எடுக்கிற ஆளின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் எண் மட்டும் போதாது.

அடுத்து, உங்களைப் பயமுறுத்துகிற அந்தச் சதைச் சோதனை. உங்கள் வயதில் இவ்வளவு போக்கு இருந்தால் கர்ப்பப்பையின் உள்தோலில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கத்தி வைப்பதற்காகத்தான். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிடம். மாதவிலக்கு வலி ஒரேயடியாக வந்து பிடிப்பது போல இருக்கும், விட்டுவிடும். கட்டிகளைப் பொறுத்தவரை, இந்த நார்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

7.4 உடன் மேசையில் ஏற்ற மாட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நரம்பில் ஏற்றுவார்கள். மாத்திரையைத் தேநீரோடும் கோப்பியோடும் விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு பரவாயில்லை. மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்து இரத்தம் என்று அலறிக்கொண்டு வராதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது எங்கள் வார்டுக்கு அப்படி வந்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். சினைப்பைகளையும் எடுப்பீர்களா, விடுவீர்களா? விட்டால் மாதவிடாய் நின்றுபோகிற உடல் மாற்றங்கள் உடனே வராது. கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் எனக்குச் சரிப்படாதா? சரிப்படாது என்றால் ஏன்? கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். பயந்தவர் காதில் டாக்டர் சொல்வதில் பாதி ஏறாது. அந்த மீதிப் பாதியைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது மாமாவா, சிநேகிதியா என்று வார்டில் யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை.


சித்தியவான் மருமகள் | மார்ச் 4, மாலை 5.02

தங்கச்சி, அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கர்ப்பப்பையை எடுத்த பிறகு உடம்பு ஊதிப்போய், ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாமல் இருக்கிறார். எடுத்துவிட்டால் வயிறு உள்ளே காலியாகி மற்றதெல்லாம் கீழே இறங்கிவிடும் என்கிறார்கள். பெண்மையே போய்விடும். ஒரு லேகியம் இருக்கிறது, கட்டி கரைந்துவிடும். வேண்டுமானால் சொல்கிறேன்.


வார்டு அக்கா | மார்ச் 4, மாலை 5.30

வயிற்றுக்குள் காலி அறை எதுவும் இருக்காது அம்மா. குடல் வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஒன்பது சென்டிமீட்டர் கட்டியை லேகியம் கரைத்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டு ஹீமோகுளோபின் 5க்கு இறங்கி வந்தவர்களுக்கு நள்ளிரவில் இரத்தம் ஏற்றியிருக்கிறேன். லேகியமோ வேறு மூலிகையோ இப்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எட்டாம் நம்பர், மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்ட மாட்டார். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.


ஆறாம் கட்டை | மார்ச் 4, இரவு 11.48

உங்களுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிடுவது என்று குழப்பம். சிலருக்கு அந்தக் குழப்பமே கிடையாது.


ஐந்தாம் படிவம் முடித்தவள் | மார்ச் 5, மாலை 4.10

மகளிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. என் பரீட்சை நேரத்தில் என் அம்மாவும் மறைத்தார். வீட்டில் பேச்சு நான் வந்ததும் நின்றுபோகும். அலமாரியில் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டு நானாகவே அவருக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கடைசியில் பித்தப்பைக் கல். உண்மையில் இருந்ததைவிட நான் நினைத்துக்கொண்டதுதான் பெரிதாக இருந்தது. சரித்திரத் தாள் எழுதும்போது எதிரில் இருந்த சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


எட்டாம் நம்பர் | மார்ச் 9, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் ஞாயிறு சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி மாட்டினார். அதுதான் அவர் பாஷை.

தோழிகளிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றோம். நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் வீட்டு எண்ணால்தான் கூப்பிடுவோம். லயத்தில் ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று. லயம் இடிந்து இருபது வருடம் ஆகிறது, எண் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அழுவார்கள் என்று நினைத்தேன். ஐந்து அழுதாள், அவள் கல்யாணப் பத்திரிகைக்கே அழுகிறவள். ஏழு கையிலிருந்த சுண்டல் தொன்னையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். "முதல் டெஸ்ட் எந்தத் தேதி?" சொன்னேன். "அன்றைக்கு எனக்கு இரவு ஷிப்ட். காலையில் வருகிறேன். அடுத்தது?" அடுத்ததற்குப் பதினொன்று. அவளுக்கு மலாய் சரளமாக வரும், எழுத்தும் அழகு. டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்வது அவள் வேலை. மாமனாரை அன்று மட்டும் நாத்தனார் பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் அது நல்லது என்றாள். ஐந்தை ஆஸ்பத்திரிப் பக்கமே விடக் கூடாது என்று ஏழும் பதினொன்றும் என் எதிரிலேயே முடிவு செய்தார்கள். அவளுக்குத் தெரியாத கெட்ட செய்தி கிடையாது. யார் எந்த ஆப்பரேஷனில் போனார்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறாள். அவளுக்குச் சமையல். என் வீட்டுக்கு இரண்டு வாரச் சோறு.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சுண்டல் தொன்னை இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். "தொந்தரவு கொடுக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். "நீ எங்கள் மூன்று பேர் பிரசவத்துக்கும் வந்து குந்திக்கொண்டிருந்தாயே, அப்போது நாங்கள் ரசீதா கேட்டோம்?" என்றாள் ஏழு.

மகளிடம் இன்று சொன்னேன். ஐந்தாம் படிவம் முடித்த தங்கையே, நீ சொன்னது சரி. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.


பழைய கிராணி | மார்ச் 10, காலை 6.05

ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்த முறை நன்று. தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தண்டல், அதாவது மேஸ்திரி, வேலை பிரிப்பது போல இருக்கிறது. உறவைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.


எட்டாம் நம்பர் | மார்ச் 26, இரவு 8.30

இரண்டாவது ஸ்கேனும் சதைச் சோதனையும் ஒரே நாளில் முடிந்தன. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாளைக்கு இன்னொரு பெண் இதைப் படிக்கலாம்.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், எட்டரைக்கு ஒன்றரைப் போத்தல் தண்ணீர் குடித்தேன். ஒன்பதரை ஆனது, பத்து ஆனது. எண் 31 ஓடுகிறது, என் எண் 46. நாற்காலியில் சாய்ந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி. ஏழு, இரவு முழுக்கக் கையுறை பொறுக்கிவிட்டுத் தூங்காமல் வந்திருக்கிறாள். என் நிலையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "சிரிக்க வைக்காதே, இங்கேயே ஆகிவிடும்" என்கிறேன். அவளுக்கு இன்னும் அதிகமாகிறது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார மாதுவுக்கும் அதே கதி. மொழி புரியாமலே அவரும் சிரித்தார். பிறகு அந்த அம்மாவே எழுந்து போய்த் தாதியிடம் எங்கள் இருவருக்காகவும் சொன்னார். முன்னால் இருந்த இரண்டு பேர் விட்டுக்கொடுத்தார்கள்.

சதைச் சோதனையின்போது திரைக்கு உள்ளே வர ஏழுக்கு அனுமதி இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் செருப்பு மட்டும் கீழே தெரிந்தது, நீல நிற ஜப்பான் சிலிப்பர், இடது வாரில் ஊக்கு குத்தியது. வலி வந்தபோது அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வார்டு அக்கா சொன்னது போல ஒரேயடியாகப் பிடித்தது, முடிந்துவிட்டது. "இன்னும் இருக்கிறாயா?" என்று கேட்டேன். "எங்கே போவேன், பஸ்ஸுக்குச் சில்லறை உன்னிடம்தானே இருக்கிறது" என்றாள்.

முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகுமாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அதைவிட வேலைக்குப் போகாத நாள் சம்பளம்தான் வலிக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் நாள் கூலி. ஆறு வாரம் பானை தூக்கக் கூடாது என்றால் ஆறு வாரம் வருமானம் இல்லை. நாங்கள் பத்துப் பேர் மாதம் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுகிறோம். என் முறை நவம்பரில். மே மாத முறை பதினொன்றுக்கு. அவள் என்னைக் கேட்காமலே மாற்றி எழுதிவிட்டாள்.


பழைய கிராணி | மார்ச் 27, காலை 6.20

கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதைப் பொதுவில் எழுதுகிறவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்கிற நம் சொல் இருக்கிறது. பணத்தோடு ஓடியவர்களை என் காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

புகார் எழுதப் போவதில்லை. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது என் அப்பா பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகப் பங்கு கட்டினார். அது பதிவு பெற்ற சங்கம், இது வேறு. ஆனாலும் அந்தப் பத்து வெள்ளி அட்டையை அவர் வைத்திருந்த டின்னிலேயேதான் அம்மாவின் கூட்டுக் கணக்குத் தாளும் இருந்தது. அந்தப் பதினொன்றாம் நம்பர் நல்ல பெண்.


சித்தியவான் மருமகள் | மார்ச் 27, காலை 9.45

நான் முன்பு எழுதியதற்கு வருந்துகிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரிலேயே கேட்டேன். வாளி தூக்க முடியாததற்குக் காரணம் மூட்டு வலியாம். ஆப்பரேஷன் செய்து பதினைந்து வருடம் ஆகிறதாம், அதில் ஒரு குறையும் இல்லையாம். என் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார்.


எட்டாம் நம்பர் | ஏப்ரல் 21, மாலை 6.12

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை.

இந்த நான்கு வாரத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. பகலில் ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். ஏழுக்கு இரவு ஷிப்டில் இரண்டே காலுக்கு இடைவேளை. அந்த நேரத்துக்குப் போன் அடிப்பாள். என் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். சூப்பர்வைசரைத் திட்டுவாள், கேன்டீன் மீ கோரேங்கைத் திட்டுவாள். பதினைந்து நிமிடம். பிறகு தூக்கம் வந்துவிடும்.

ஹீமோகுளோபின் 10.6க்கு ஏறிவிட்டது.


ஆறாம் கட்டை | ஏப்ரல் 22, பின்னிரவு 1.30

நல்ல செய்தி. மகிழ்ச்சி.

என் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை. வயது 56. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன், இப்போது காவலாளி. பெற்றோர் இல்லை, திருமணம் செய்துகொள்ளவில்லை. என் வீடு ஆறாம் கட்டையில் (ஆறாவது மைல்கல்), நானும் தனிக்கட்டை; ஊரில் இதை வைத்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன வருடம் கிளினிக்கில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மலச் சோதனை செய்தார்கள். எனக்குக் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறது என்று வந்தது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். கடிதத்தில் கடைசி வரி: மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

அந்த ஒரு வரிக்காக இரண்டு தேதியைத் தவறவிட்டேன். முதல் தடவை மருந்து முழுவதையும் குடித்து, இரவெல்லாம் கழிப்பறையில் இருந்து, விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போனேன். "யார் வந்திருக்கிறார்கள்?" என்றார்கள். வெளியே இருக்கிறார் என்றேன். கூப்பிடுங்கள் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை போகவே இல்லை. மூன்றாவது தேதி ஜூன் 10.

கத்திக்கோ ஊசிக்கோ பயம் இல்லை. யாரிடம் போய், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.


வார்டு அக்கா | ஏப்ரல் 22, காலை 7.00

தம்பி, முதலில் ஒன்று. மலத்தில் இரத்தம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. மூலமாக இருக்கலாம், குடலில் சிறு முளையாக இருக்கலாம். முளை என்றால் அந்தக் கேமரா வழியாகவே பெரும்பாலும் எடுத்துவிட முடியும். விட்டுவைத்தால் அவற்றில் சில பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும். ஆகவே இது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. ஜூன் 10 வரை காத்திருக்காமல் முன்பாக இடம் கிடைக்குமா என்று இன்றே கேளுங்கள்.

துணைக்கு ஆள் கேட்பது வீண் சட்டம் இல்லை. அந்த ஊசி போட்ட பிறகு தெளிவாகப் பேசுவீர்கள், ஆனால் பேசியது நினைவில் இருக்காது. அந்த நிலையில் மோட்டார் சைக்கிள் ஏறினால் லோரிக்கு அடியில்தான் நிற்கும். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது.

வெட்கத்தை விடுங்கள். இங்கேயே கேட்டுவிட்டீர்களே, அதுதான் கூப்பிடுவது.


பழைய கிராணி | ஏப்ரல் 22, காலை 7.25

ஆறாம் கட்டையில் எந்தப் பக்கம்? சர்ச்சுக்கு முன்னாலா, பின்னாலா?


ஆறாம் கட்டை | ஏப்ரல் 22, இரவு 8.40

பின்னால், ஐயா. பழைய பால் கொட்டகை இருந்த வளைவு. ஏன் கேட்கிறீர்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். யாரோ வர முடியாமல் விட்ட இடம் ஒன்றை மே 26க்குக் கொடுத்திருக்கிறார்கள்.


எட்டாம் நம்பர் | மே 15, மதியம் 3.15

வார்டிலிருந்து, ஒரு விரலால் எழுதுகிறேன்.

11ஆம் தேதி சேர்ந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. கட்டில் தலைமாட்டில் "புவாசா" என்று அட்டை மாட்டினார்கள், மலாயில் நோன்பு என்று பொருள். பக்கத்துக் கட்டில் பாட்டி அதைப் பார்த்துவிட்டு நோன்பு மாதம் முடிந்துவிட்டதே என்றார்.

காலையில் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மின்சாரத்தால் இரத்தத்தை அடைக்கும் கருவி பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடலாம் என்று தாதி விளக்கினார். தோடு, மூக்குத்தி, மெட்டி சரி. தாலிக்குக் கை போகவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் கழற்றியதில்லை. வீட்டுக்காரர் அன்று லீவு போட்டிருந்தார். அவரும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். ஏழு கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். முதல் நாளே கோயிலில் வாங்கி வைத்திருக்கிறாள். கயிற்றை நீட்டித் தாதியிடம் மலாயில் ஏதோ கேட்டாள். தாதி விரலால் உருட்டிப் பார்த்து, உலோகம் இல்லை, ஊசி ஏறாத கையில் கட்டலாம் என்றார். வீட்டுக்காரர் மணிக்கட்டில் கட்டினார். பிறகு தாலியைக் கழற்றி ஏழின் கைக்குட்டையில் முடிந்தார்கள். ஏழு அதை ரவிக்கைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டாள், அதே சிலிப்பர் ஊக்காக இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

உள்ளே கூரை விளக்கு வட்டம் வட்டமாக இருந்தது. மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, வயிற்றில் கல் வைத்தது போல இருந்தது. சிறுநீருக்குக் குழாய் இருந்தது, மறுநாள் எடுத்துவிட்டார்கள். மறுநாளே நடக்க வேண்டும் என்றார்கள், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. முதல் நடை கட்டிலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை. பதினொன்று ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். அது நல்ல வித்தை. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானை உறிஞ்ச வேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. இன்று இரண்டு.

சினைப்பைகள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கிராணி ஐயா, சேரும்போது படிவத்தில் வாரிஸ் கட்டத்தில் வீட்டுக்காரர் பெயர் எழுதினேன். கீழே இன்னொரு வரி இருந்தது. பதினொன்று பேனாவை வாங்கித் தன் பெயரையும் எண்ணையும் எழுதினாள். "உறவு" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கவுன்ட்டரில் கேட்டாள். "ஜிரான்" என்று எழுதுங்கள் என்றார் அந்தப் பையன். அண்டை வீட்டார். லயம் இடிந்து இருபது வருடம். அப்படியே எழுதினாள்.


பழைய கிராணி | மே 15, மாலை 5.50

சரி.

ஆறாம் கட்டைத் தம்பிக்கு: 26ஆம் தேதி உங்களுக்கு எத்தனை மணிக்கு?


ஆறாம் கட்டை | மே 15, இரவு 9.10

காலை எட்டுக்குள் பதிவு செய்ய வேண்டும் ஐயா. நீங்கள் எதற்கு? உங்களுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.


பழைய கிராணி | மே 16, காலை 6.00

எழுபத்திரண்டு. லைசென்ஸ் இருக்கிறது, கண்ணாடி புதிது, கார் பழையது. பால் கொட்டகை வளைவில் ஆறு மணிக்கு நில்லுங்கள். நான் காத்திருக்கிற வழக்கம் இல்லை. கவுன்ட்டரில் உறவு கேட்டால் மாமா என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.


வார்டு அக்கா | மே 16, காலை 8.15

தம்பி, மூன்று நாளுக்கு முன்பிருந்தே கீரை, பழத்தோல், விதை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முதல் நாள் எப்போதிலிருந்து தெளிந்த நீராகாரம் மட்டும் என்று தாளில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். மருந்துத் தூளைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, குளிர வைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். காரில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கிராணி ஐயாவின் சீட்டைக் காப்பாற்றவாவது.


எட்டாம் நம்பர் | மே 25, இரவு 7.30

வீட்டில் இருக்கிறேன். தையல் காய்ந்துவிட்டது. பானை தூக்க இன்னும் நான்கு வாரம். ஐந்து தினமும் சோறு கொண்டுவருகிறாள், கூடவே செய்தியும். நேற்று ரசத்தோடு மூன்று மரணம்.

ஆறாம் கட்டை அண்ணா, நாளைக்கு டெஸ்ட் முடிந்து வந்ததும் பசி எடுக்கும். கிராணி ஐயாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கஞ்சியும் துவையலும் இருக்கும். ஐந்து பேச ஆரம்பித்தால் பொருட்படுத்த வேண்டாம்.


ஆறாம் கட்டை | மே 26, காலை 5.52

இரவு முழுக்கக் கழிப்பறைதான். தலை லேசாகச் சுற்றுகிறது. துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு என்றார். இப்போதே வளைவில் ஹார்ன் அடிக்கிறார். நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. போகிறேன்.